ஒரு ஆள் ஊரு, சென்சஸ்ல ரெண்டு பேர்!

கேள்வி: அமெரிக்காவுல மொனோவைன்னு ஒரு ஊர்ல ஒரே ஒரு அம்மாதான் இருக்காங்கன்னு படிச்சேன். அது எங்க இருக்கு, மத்தவங்க எல்லாம் எங்க போனாங்க? (வாசகி, ஈரோடு)

பதில்: நெப்ராஸ்கா மாநிலத்தோட வடக்கு ஓரம், பாய்ட் கவுண்டி (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி), கொஞ்சம் வடக்க போனா தெற்கு டகோட்டா வந்துடும். ஒரு பக்கம் நயோப்ரரா ஆறு, இன்னொரு பக்கம் மிசௌரி ஆறு, நடுவுல மேடும் பள்ளமுமா புல்வெளி, மாட்டுப் பண்ணை, சோளக்காடு. ஊரோட மொத்தப் பரப்பே அரை சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். 1902-ல ரயில் வந்ததால உருவான ஊருங்க இது, 1930-கள்ல 150 பேர் வரைக்கும் இருந்தாங்க, கடை, ஸ்கூல், போஸ்ட் ஆபீஸ் எல்லாம் இருந்துச்சு.

ஊரு காலியானதுக்கு ஜனங்க மேல பழி போடுறது எனக்குப் பிடிக்காது. அந்தக் காலத்துல அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர்னு குடுத்துச்சு, அதை வச்சு பொழைச்சாங்க, அப்புறம் டிராக்டரு அறுவடை மெஷினுன்னு வந்து ஒரே குடும்பம் பல குடும்பத்து நிலத்தைப் பாத்துக்க முடிஞ்சது, இன்னைக்கு நெப்ராஸ்காவுல ஒரு பண்ணையோட சராசரி அளவே கிட்டத்தட்ட ஆயிரம் ஏக்கர். நிலம் அப்படியேதான் கிடக்கு, அதுல வேலை செய்ய ஆள்தான் தேவைப்படல. ஆள் குறைஞ்சா மளிகைக்கடை மூடும், அப்புறம் போஸ்ட் ஆபீஸ், 1974-ல ஸ்கூலும் போச்சு, ஸ்கூல் இல்லாத ஊர்ல புள்ளகுட்டிக்காரங்க எப்படிங்க இருப்பாங்க? 2000 சென்சஸ்ல மிச்சம் இருந்தது ரூடி ஐலர், எல்சி ஐலர்னு ஒரே ஒரு தம்பதி. 2004-ல ரூடி இறந்துட்டாரு. 2010 கணக்குல எல்சி மட்டும்தான்.

கேள்வி: அப்போ 2020 சென்சஸ்ல ரெண்டு பேர்னு எப்படி வந்துச்சு? யாராவது குடி வந்தாங்களா?

பதில்: யாரும் வரல, எல்சியே அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டாங்க. சென்சஸ் ஆபீஸ் தெரிஞ்சே சின்ன ஊர் கணக்குல கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் போடுறாங்க. ஏன்னா வயசு, இனம், வீட்டுல எத்தனை பேருன்னு தெரு அளவுக்கு அட்டவணை வெளியாகுது, அதை வெளியில கிடைக்கிற வேற டேட்டாவோட பொருத்திப் பாத்தா கம்ப்யூட்டரை வச்சு தனி ஆள் யாருன்னு கண்டுபிடிச்சிடலாம், ஆனா சட்டப்படி யாரோட பதிலும் வெளிய தெரியக்கூடாது. மாநிலத்தோட மொத்த ஜனத்தொகையை மட்டும் தொடவே மாட்டாங்க, அதை வச்சுத்தான் பார்லிமெண்ட் சீட்டு பிரிக்கிறாங்க. அதனால மொனோவைல ஒண்ணு கூடுச்சுன்னா அதே நெப்ராஸ்காவுல வேற எங்கயோ ஒண்ணு குறைஞ்சிருக்கும். பெரிய ஊருக்கு இது ஒண்ணுமே இல்ல, ஆனா ஒரே ஆள் இருக்கிற ஊர்ல ஜனத்தொகை ரெண்டு மடங்கு ஆயிடுது பாருங்க. அந்தரங்கத்தைக் காப்பாத்துறது சரிதான், நானும் ஒத்துக்குறேன், ஆனா இருபது பேர் முப்பது பேர் இருக்கிற ஊரு வளருதா தேயுதான்னு இந்த நம்பரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, முன்னாடி எடுத்த சென்சஸையும் சேர்த்துப் பாருங்க.

கேள்வி: ஒருத்தர் இருக்கிற இடத்தை ஊர்னு எதுக்கு வச்சிருக்கணும்?

பதில்: சட்டப்படி அது தனி உள்ளாட்சி, நம்ம பேரூராட்சி மாதிரி. எல்சிதான் மேயர், கிளார்க், பொருளாளர் எல்லாமுமா இருந்தாங்க. ஊர்ல அவங்க ஒரு சின்ன பாரும் சாப்பாட்டுக் கடையும் நடத்திட்டு வந்தாங்க, அதுக்கு மது லைசென்ஸ் விண்ணப்பமும் அவங்களே, அனுமதியும் அவங்களே. தெருவிளக்குக்காக வரி கட்டிக்கிட்டாங்க, மாநில நிதி வரணும்னா வருஷா வருஷம் ரோடு திட்டம் எழுதி அனுப்பணும், அதையும் செஞ்சாங்க. ரூடி சேத்து வச்ச சுமார் 5,000 புத்தகத்தையும் ஒரு சின்ன கொட்டகையில லைப்ரரியா வச்சு, யார் வேணா எடுத்துப் படிக்கலாம்னு விட்டாங்க. அதனால இது வெறும் பேருக்கு ஒரு ஊருன்னு நான் சொல்ல மாட்டேன், சுத்துவட்டாரத்துப் பண்ணைக்காரங்க வந்து உக்காந்து சாப்பிட்டுப் பேசிட்டுப் போற இடம் அது. அந்த உள்ளாட்சியைக் கலைச்சிட்டா பொறுப்பு எல்லாம் கவுண்டிக்குப் போயிடும், அந்தக் கவுண்டி முழுசுக்குமே 2020-ல ரெண்டாயிரம் பேர்கூட இல்லைங்க.