போன் இல்லாமல் நாலு பேர் சேர்ந்தால் விளையாட உங்கள் ஊரில் என்ன இருக்கிறது?

சீட்டுக்கட்டுகூட வேண்டாம், வாய் மட்டும் போதும் என்கிற ஒரு விளையாட்டு இருக்கிறது. ராமேஸ்வரம் தீவில் எங்கள் தங்கச்சிமடம் பக்கம் இதற்குத் தனியாகப் பெயர் கிடையாது, "ஒரு கேள்வி போடு" என்றாலே எல்லோருக்கும் புரிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. படகைக் கரையேற்றி பெயின்ட் அடிப்பது, கிழிந்த வலையைச் சரி பண்ணுவது என்று கைக்கு வேலை இருக்கும், வாய் சும்மா இருக்கும், அந்த நேரத்தில் கொட்டகையில் தானாகவே ஆரம்பித்துவிடும்.

ஒருவர் கிறுக்குத்தனமாக ஒரு கேள்வி கேட்பார். யாரைக் கை காட்டுகிறாரோ அவர் கலெக்டர் ஆபீஸில் மனு வாசிக்கிற முகத்தோடு பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்கலாம், அதற்கும் அதே முகத்தோடு பதில் வர வேண்டும். பதில் சொல்பவர் சிரித்துவிட்டால் டீயும் வடையும் அவர் கணக்கு, அதற்கு முன் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் எவராவது சிரித்துவிட்டால் அந்த ஆள் கணக்கு. அவ்வளவுதான் சட்டம்.

உதாரணம் சொன்னால்தான் விளங்கும். விடுமுறைக்கு மதுரையிலிருந்து வந்த அக்கா மகன் ஒரு நாள் கேட்டான்: "டிவியில பாம்பன்ல மூணாம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்துனாங்கன்னு சொல்றாங்களே, அந்தக் கூண்டுல யாரை அடைப்பாங்க?" அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். சம்மாட்டி மாமா, அதாவது படகு முதலாளி, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆரம்பித்தார்.

"புயலைத்தான் மாப்ள. மொத்தம் 11 நம்பர் இருக்கு. ஒண்ணாம் நம்பர் தூரத்துல இருக்கற புயலுக்கு, அது இன்னும் ஒரு தப்பும் பண்ணலை, சும்மா எச்சரிச்சு விட்ருவாங்க. பத்து பெரிய அபாயம், ஜாமீன் கிடையாது."

"பதினொண்ணு?"

"வானிலை ஆபீசோட தொடர்பே அறுந்து போச்சுன்னா அதை ஏத்துவாங்க. உள்ள யாரு இருக்கான்னு அவங்களுக்கே தெரியாது."

"ராத்திரி கூண்டு கண்ணுக்குத் தெரியாதே?"

"அதுக்குத்தான் சிவப்பும் வெள்ளையுமா விளக்குப் போடுறது. புயலுக்கு இருட்டுன்னா பயம்."

கொட்டகையில் பாதிப் பேர் எழுந்து வெளியே ஓடிப்போய்ச் சிரித்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, மாமா சொன்னதில் முக்கால்வாசி உண்மை. 11 நம்பர் இருப்பது உண்மை, ஒன்று தூரத்துப் புயலுக்கு, பத்து பெரிய அபாயத்துக்கு, பதினொன்று தகவல் தொடர்பு அறுந்துபோனதற்கு, ராத்திரியில் விளக்கு ஏற்றுவது எல்லாம் துறைமுகத்தில் உள்ளபடிதான். புயலைப் பிடித்து அடைக்கிறார்கள் என்கிற ஒரே ஒரு புளுகை அடியில் வைத்துவிட்டு, அதன் மேல் நிஜத்தை அடுக்கிக்கொண்டே போனார். இந்த ஆட்டத்தில் ஜெயிக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆடுகிறார்கள் என்பது என் கணிப்பு. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை புளுகுகிறவனுக்கு இரண்டாவது வாக்கியத்துக்கு மேல் யாரும் காது கொடுப்பதில்லை, அது வெறும் ரீல் என்று எல்லோருக்கும் தெரிந்துபோய்விடும்.

அண்ணன் ஒருமுறை நல்ல கேள்வி போட்டார்: பாம்பன் பாலத்தைத் தூக்கும்போது அதன் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கா டிக்கெட் எடுக்க வேண்டுமா? எனக்குக் கை காட்டினார். 1914ல் திறந்த பழைய பாலம் பயன்பாட்டில் இருந்த காலத்தில் நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் சாய்வாக எழும்பும், காக்காவுக்கு வழுக்கும், அது பறந்துவிடும், அதனால் ரயில்வேக்கு இந்தப் பிரச்சினையே வந்ததில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மட்டமாக 17 மீட்டர் மேலே போகிறது, காக்கா நகராமல் உட்கார்ந்தபடி போகிறது, ஆகவே ரயில் கட்டணம் இல்லை, லிஃப்ட் கட்டணம் மட்டும் என்றேன். "இறங்கும்போது?" என்றார். "ரிட்டனும் சேர்த்துதான் வாங்கியிருக்கோம்ணே." வடை அவர் வாங்கினார்.

ஆனால் பெரிய சண்டையில் முடிந்தது அத்தை சொன்ன பதில். அத்தை கடல்பாசி எடுக்கப் போகிறவர், தண்ணீருக்குள் முங்கி முங்கிப் பழகியவர். மீனுக்குத் தாகம் எடுக்குமா என்று அவரிடம் கேட்டார்கள். "கடல் மீன் தண்ணி குடிக்கும், கண்மாய் மீன் குடிக்காது" என்று தீர்ப்பு மாதிரி சொன்னார். உப்புத் தண்ணீர் மீன் உடம்பிலிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்குமாம், அதனால் குடித்தே ஆக வேண்டுமாம், குடித்த உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடுமாம். கண்மாய் மீனுக்கோ கேட்காமலே தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்குமாம். "அது உப்பைக் குடிச்சுப் பிழைச்சுக்குது, நாமதான் குடத்தை வரிசையில வச்சுட்டு லாரிக்கு நிக்கிறோம்" என்று முடித்ததும் மாமாவே சிரித்துவிட்டார். டீக்குக் காசு எடுக்கும்போது கல்லூரிக்குப் போகிற பையன் ஒருவன் போனில் தேடிப் பார்த்து, அத்தை சொன்னது அத்தனையும் உண்மை என்றான். உடனே மாமா காசை மறுபடி மடித்துக்கொண்டார். புளுகே இல்லாத பதில் எப்படிச் செல்லும், இது ஏமாற்று வேலை என்று ஒரே பிடி. அத்தை, "உண்மையைச் சொல்லக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு" என்றார். கடைசியில் ஆளுக்குப் பாதிக் காசு போட்டார்கள். என்னைக் கேட்டால் அத்தை பக்கம்தான் நியாயம், நிஜத்தைப் புளுகு மாதிரி சொல்வது புளுகுவதைவிடக் கஷ்டம்.

உங்கள் கூட்டத்தில் ஆடிப் பார்ப்பதாக இருந்தால், கேள்வி கேட்கிறவர் ரொம்ப நகைச்சுவையாகக் கேட்க முயற்சி பண்ண வேண்டாம். கேள்வியிலேயே சிரிப்பு முடிந்துபோனால் பதிலுக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்புறம் ஆளைக் குறிவைத்துக் கேட்கக் கூடாது. யாருக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்கிற ரகம் வந்துவிட்டால் ஆட்டம் அன்றைக்கு அத்தோடு சரி. எங்களிடம் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, யாரும் எழுதி வைக்கவில்லை: 1964 தனுஷ்கோடிப் புயலையும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களையும் தொட்டுக் கேள்வி கிடையாது. கூண்டுக் கதை சொன்ன மாமாவும் அந்தப் பக்கம் போக மாட்டார்.

இப்போது தீர்ப்பு வராமல் கிடக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தத்திலும் குளித்துவிட்டு ஈரத்தோடு வீட்டுக்கு வருகிறவர், சளி பிடிக்காமல் இருக்க வெந்நீரில் குளித்தால் அது 23வது தீர்த்தமா, அல்லது முந்தைய 22ம் கழுவிப் போய்விடுமா? அத்தை வாய்தா வாங்கியிருக்கிறார்.