வாசகர் கேள்வி – பதில்: டிங்கிக் கொசுவை வீட்டிலேயே தேடுங்கள்

கேள்வி: பழைய ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். வாரந்தோறும் லோங்காங்கை (சாக்கடைக் கால்வாயை) சுத்தம் செய்கிறோம். சுகாதார இலாகாவினரும் வந்து புகை அடித்துவிட்டுப் போனார்கள். ஆனாலும் சில நாள்களிலேயே கொசுத்தொல்லை பழையபடி தொடங்கிவிட்டது. பக்கத்துத் தெருவில் பிள்ளைகளுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்திருப்பதால் பயமாக இருக்கிறது. வேறு என்னதான் செய்வது? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: சகோதரி, லோங்காங்கைச் சுத்தம் செய்வதை விட்டுவிடாதீர்கள். அழுக்குத் தண்ணீரில் பெருகி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் கியூலெக்ஸ் கொசு அதனால் குறையும். ஆனால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தது, பாத்திரங்களிலும் தொட்டிகளிலும் அசையாமல் நிற்கும் ஓரளவு தெளிந்த தண்ணீர். உள்ளங்கை அளவு தண்ணீர் ஒரு வாரம் பத்து நாள் நின்றால், முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறந்துவிடும்.

இந்த ஏடிஸிலும் இரண்டு வகை உண்டு. ஏடிஸ் எஜிப்டை வீட்டுக்குள்ளேயே, அலமாரி இடுக்கிலும் தொங்கும் துணிகளுக்கு நடுவிலும் இருந்துகொண்டு நம்மைக் கடிக்கும். ஏடிஸ் அல்போபிக்டஸ் செடிகொடிகளுக்கு இடையில், நிழலில் இருக்கும். தோட்டப்புறத்தில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம். அதற்குத் தோதான இடம், ரப்பர் மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் பால் மங்கு. பால் வெட்டு நின்றுபோன மரங்களில் வாய் மேல்நோக்கியபடி கம்பியில் தொங்கும் மங்குகளில் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நிறைகிறது. கோழிக்குத் தண்ணீர் வைக்கவும் பூச்செடி நடவும் பலர் அந்த மங்குகளை வீட்டுக்கும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இருந்தால், வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கவிழ்த்துவிடுங்கள்.

அத்துடன், சாமி மேடையில் பூ வைக்கும் சொம்பு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, பழைய டயர், சருகு அடைத்த கூரைத் தகரம், யாரும் புழங்காத கழிப்பறை ஆகியவற்றையும் வாரம் ஒரு நாள் பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்பதை மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெண் கொசு தன் முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் கரித்தூள் ஒட்டியதுபோல் ஒட்டிவிடுகிறது. அவை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே கொட்டிய பிறகு உட்சுவரை நார் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

புகையைப் பொறுத்தவரை, அது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவையும் சுவரில் இருக்கும் முட்டையையும் தொடாது. புகை அடிக்க வரும்போது பலர் கதவையும் சன்னலையும் இறுக மூடிவிடுகிறார்கள். உணவை மூடிவைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு, நோயாளிகளையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வெளியே நிற்பதே சரி. இல்லையென்றால் வீட்டுக்குள் இருக்கும் கொசு தப்பித்துவிடும்.

கேள்வி: குளியலறைத் தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து போடலாமா? எவ்வளவு போடுவது? (வாசகர், தெலுக் இந்தான்)

பதில்: போடலாம். மணல்போல் இருக்கும் 1 விழுக்காட்டு மருந்தென்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் போதும். அதிகம் போடுவதால் பயன் கூடாது. பொட்டலத்தில் அச்சிட்ட அளவையும் கால இடைவெளியையும் பின்பற்றுங்கள். வாரந்தோறும் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவ முடிந்தவர்களுக்கு மருந்தே தேவையில்லை.

கேள்வி: அந்தக் காலத்தில் தோட்டங்களில் மலேரியாவால் நிறையப் பேர் இறந்ததாக என் பாட்டி சொல்வார். அதுவும் இதே கொசுவால்தானா? (மாணவி, கோலகங்சார்)

பதில்: இல்லை அம்மா, அது அனோபிலிஸ் கொசுவின் வேலை. 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர், சதுப்பு நீரை வடித்து மலேரியாவை வெகுவாகக் குறைத்துக் காட்டினார். மலைப்பாங்கான தோட்டங்களில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே ரப்பர் நடுவதற்காகக் காட்டை அழித்தபோது ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில்படும் தெளிந்த ஓடைநீரை விரும்பும் அனோபிலிஸ் மக்குலாட்டஸ் பெருகியது. காடு வெட்டவும் கன்று நடவும் வந்த நம் முன்னோர்தான் அதன் கடியைத் தாங்கினார்கள். ஓடைகளில் எண்ணெய் தெளித்தும், மண்ணுக்கடியில் குழாய் பதித்து நீரை வடித்தும் அதைக் கட்டுப்படுத்தினார்கள். பாட்டி சொல்வதையெல்லாம் எழுதி வையுங்கள்.

கேள்வி: காய்ச்சல் விட்டுவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று இருக்கலாமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: டிங்கியில் அப்படி இருக்கக் கூடாது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணியும் நேரம்தான் பலருக்கு ஆபத்தான கட்டம். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், இபுபுரோபென் வேண்டாம், அவை இரத்தக் கசிவை அதிகமாக்கும். பப்பாளி இலைச் சாற்றை நம்பிக்கொண்டு மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். நோயாளி பகலில் தூங்கும்போதும் கொசுவலை கட்டுங்கள். அவரைக் கடித்த ஏடிஸ், சில நாள் கழித்து வீட்டில் அடுத்தவருக்கும் நோயைத் தரும்.