கணினி இல்லாத கடைக்கு மென்பொருள் விற்பது எப்படி?

கேள்வி: மதுரை டவுன்ஹால் ரோடு பகுதி ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்றுவருகிறேன். விலை 18,000 ரூபாய். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் தனி. இப்போது புதிதாக விசாரிப்பவர்கள் எல்லோரும் சுங்குடிச் சேலையை வாட்ஸ்அப்பில் விற்பவர்கள். ‘எங்களிடம் கணினியே இல்லை’ என்று போய்விடுகிறார்கள். மொபைல் செயலி செய்து தர ஓர் ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

உங்கள் பழைய வாடிக்கையாளருக்குக் கல்லாவில் பில் போட்டால் வேலை முடிந்தது. இவர்களுக்குக் கல்லாவே கிடையாது. ‘அந்த நீலம் இருக்கிறதா அக்கா?’ என்று செய்தி வருவதிலிருந்து, யுபிஐயில் பணம் வந்து பார்சல் போய்ச் சேரும்வரை எல்லாம் ஒரே போனில். சேலைப் படங்களை அடுக்கிக் காட்ட வாட்ஸ்அப் பிசினஸ் இலவசமாகவே இருக்கிறது. அதோடு போட்டி வேண்டாம். ஒரே சேலையை இரண்டு பேருக்கு ஒப்புக்கொண்டு விழிப்பதும், பணம் அனுப்பியது யார் என்று ஸ்கிரீன்ஷாட்டுகளைத் துழாவுவதும்தான் அவர்களுடைய தலைவலி. இருப்பும் வரவும் காட்டும் ஒரு பக்கம், போன் பிரவுசரிலேயே திறந்தால் போதும்.

18,000 ரூபாயை மொத்தமாகக் கேட்காதீர்கள். மாதக் கட்டணமாக்கி, மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் யுபிஐ ஆட்டோபேயில் வாங்குங்கள். ஒருமுறை ஒப்புதல் தந்துவிட்டால், 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் பின் எண் கேட்காது. வியாபாரம் படுத்திருக்கும் மாதத்தில் நிறுத்திவைக்கவும் இடம் கொடுங்கள்.

அடுத்து, உங்கள் மென்பொருள் முதல் திரையிலேயே ஜிஎஸ்டி எண்ணைக் கேட்கிறதா? அதை எடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு. ஆனால் வெளிமாநிலத்துக்கு அனுப்பினால், விற்றுமுதல் எவ்வளவானாலும் பொதுவாகப் பதிவு கட்டாயம். ஆன்லைன் சந்தைத் தளங்களில் விற்றாலே பதிவு வேண்டும் என்று இன்னும் பலர் பயமுறுத்துவார்கள். அது பழைய கதை. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் இருந்துகொண்டு மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பவர், பான் எண்ணைக் காட்டி ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். கவனியுங்கள்: பொருளுக்கு மட்டும், ஒரே மாநிலத்திலிருந்து மட்டும், பெங்களூருக்கு ஒரு சேலை போனாலும் இந்தச் சலுகை இல்லை. இவ்வளவு எளிய விஷயத்தை, பிரிவும் உட்பிரிவுமாகச் சுற்றி, ஆடிட்டர் உதவியின்றிப் படிக்க முடியாதபடி அறிவிக்கிறார்கள். சேலை விற்பவர் எங்கே போவார்? பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது. ஆகவே வரிக் கட்டமே இல்லாத பில் ஒன்றும் உங்களிடம் இருக்க வேண்டும்.

இப்போது அந்த ஏஜென்ட். ‘எங்கள் கணக்கிலேயே ஏற்றிவிடுகிறோம் சார்’ என்பார். அதில்தான் வலை. கூகுள் பிளேயில் செயலியை வெளியிடத் தேவையான டெவலப்பர் கணக்கு தொடங்க ஒரே ஒருமுறை 25 டாலர்தான். செயலி, டொமைன் என்ற இணைய முகவரி, சர்வர் எல்லாம் அவர் பெயரில் இருந்தால், நாளை தகராறு வந்ததும் உங்கள் வாடிக்கையாளர்கள் மொத்தமாக அவர் கையில். பின்னாளில் செயலி செய்தாலும், கணக்குகள் உங்கள் பெயரில், மூல நிரல் (சோர்ஸ் கோட்) உங்கள் கையில் என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ‘ஒரே கிளிக்கில் பத்தாயிரம் பேருக்கு வாட்ஸ்அப்’ என்று கள்ள மென்பொருள் விற்பவர்களும் வருவார்கள். வாட்ஸ்அப் கண்டுபிடித்தால் எண்ணையே முடக்கிவிடும். அந்த எண்தான் சேலை விற்பவர்களுக்குக் கடை. அதை உங்கள் பொருளோடு இலவசமாகத் தள்ளிவிடும் ஆசையே வேண்டாம்.

எழுத்துருவையும் பாருங்கள். உங்கள் பழைய மென்பொருளில் சரக்குப் பெயர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், வாட்ஸ்அப்பில் போகும் பில்லில் தமிழ் வராது, கிறுக்கல்தான் வரும். எல்லாவற்றையும் முதலில், எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன; இதற்கும் ஏஜென்ட் தேடாதீர்கள்.