மகள் பரதநாட்டியத்தையே படித்துத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைக்கிறாள். வருமானம் வருமா?

அரங்கேற்றத்துக்கு வாங்கிய கடனே இன்னும் அடைந்திருக்காது, அதற்குள் காலேஜிலும் இதையே படிக்கிறேன் என்கிறாள். உங்கள் வீட்டு நிலவரம் இதுவாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்பா இதே கேள்வியைக் கேட்டார்.

வகுப்பு எடுத்தால் மாதச் செலவுக்கு வரும். மேடை ஏறினால் கைக்காசு போகும். என் கதையைச் சொல்கிறேன், எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்லவில்லை.

2011 மார்கழி. சென்னையில் ஒரு சபாவில் மத்தியானம் 2:30க்கு இடம் கிடைத்தது. பாட்டு, மிருதங்கம், வயலின் மூவருக்கும் நான்தான் சம்பளம் கொடுத்தேன். மேக்கப், ஒத்திகை, ஆட்டோ எல்லாம் சேர்த்து 32,000 ரூபாய். தாளம் பிடித்து ஜதி சொல்லும் நட்டுவாங்கத்துக்கு வாத்தியார் காசு வாங்கவில்லை, அது அவர் பெருந்தன்மை. சபா கொடுத்தது ஒரு சால்வை. அதற்கும் முன்னால் செயலாளர் போன் பண்ணி, "விழா மலருக்கு ரெண்டு விளம்பரம் பிடிச்சுக் கொடும்மா" என்றார். ஒன்றுதான் பிடிக்க முடிந்தது, சித்தப்பாவின் டைல்ஸ் கடை.

அரங்கில் 14 பேர். கேன்டீனிலிருந்து போண்டா வாசனை. நிகழ்ச்சியிலேயே நீளமான உருப்படியான வர்ணம் 35 நிமிஷம். பாதி தாண்டியதும் முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. முன்வரிசையில் ஒரு பெரியவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டே ஆடினேன். பார்த்தால், கண்ணை மூடி மடியில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். தீர்மானம் என்கிற ஜதிக்கோர்வை முடிந்து, பாட்டு வரி தொடங்கும் எடுப்புக்கு வந்து சேர்ந்தபோது அவர் கையும் என் காலும் ஒன்றாக இறங்கின. அந்த ஒரு அடிக்கா 32,000 என்று கேட்டால் ஆமாம் என்பேன். வட்டி கட்டிய அப்பா வேறு மாதிரி சொல்லக்கூடும்.

"தெய்வீகக் கலையைக் காசுக் கணக்கில் பார்க்கிறாள்" என்று கீழே எழுத வருவார்கள். பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டுச் சடங்கை 1947இல் சட்டம் போட்டு நிறுத்துவதற்கு முன்னால் கோயிலில் ஆடியவர்களுக்கு மானிய நிலம் இருந்தது சார். சம்பளம் பேசாமல் ஆடுவது வசதியான வீடுகளிலிருந்து ஆட வந்தபிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம். சண்டைக்கு வருபவர்கள் அதைப் படித்துவிட்டு வரட்டும்.

உங்கள் மகள் நட்டுவாங்கமும் கொஞ்சம் பாட்டும் சேர்த்துக் கற்றுக்கொள்ளட்டும். அடுத்தவர் நிகழ்ச்சிக்குத் தாளம் பிடிக்கப் போனால் கையில் காசு நிற்கும். சிமெண்ட் தரையில் தினமும் காலைத் தட்டி ஆடும் தட்டடவு போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 33 வயதில் என் முழங்கால் போனது அப்படித்தான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, வாடகைக்கு இடம் பிடிப்பதுதான் கொடுமை. "டான்ஸ் கிளாஸா? சத்தம் வருமே" என்று போனிலேயே வைத்துவிடுவார்கள். கடைசியாக இருந்த வீட்டில், நாங்கள் குதித்தால் கீழே டியூப்லைட் ஆடுகிறதாம், காலி பண்ணச் சொன்னார் ஓனர். அவர் பையன் ராத்திரி பத்து மணிவரை டிரம்ஸ் அடிப்பான், அது மட்டும் சங்கீதம்! மே மாதம் லீவு என்று பாதிப் பேர் ஃபீஸ் கட்டாத நேரத்தில் மூட்டை கட்டினோம். இப்போது தோழி வீட்டு மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு நடத்துகிறேன். மழை வந்தால் தாளம் தட்டும் தட்டுக்கழிச் சத்தம் காதில் விழாது, அன்றைக்குக் கை முத்திரைப் பாடம்.