பட்டியலைப் பாதியாக்குங்கள்: ஸ்காட்லாந்துப் பயணம் குறித்த கேள்வி பதில்

சுற்றுலா நிறுவனத்தின் துணையின்றித் தாமே திட்டமிட்டு ஸ்காட்லாந்துக்கு வர விரும்பும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இன்வர்னஸ் நகரில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (சென்னை வாசகர்): ஜூலையில் குடும்பத்துடன் ஏழு நாள்கள் வருகிறோம். எடின்பரோ, கிளாஸ்கோ, லாக் நெஸ், ஸ்கை தீவு, ஆர்க்னி தீவுகள், நார்த் கோஸ்ட் 500 சாலை ஆகிய அனைத்தையும் சேர்த்து அட்டவணை போட்டிருக்கிறேன். சரியாக வருமா?

பதில்: வராது. வரைபடத்தில் கையகலமாகத் தெரியும் நாடு சாலையில் இறங்கியதும் நீண்டுவிடும். இன்வர்னஸிலிருந்து ஸ்கை தீவின் போர்ட்ரீக்கு ஏறக்குறைய 185 கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுகளும் ஆட்டு மந்தைகளும் முன்னே ஊர்ந்து செல்லும் வண்டிகளும் சேர்ந்து மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடும். எடின்பரோவிலிருந்து அதே ஊருக்கு நிற்காமல் ஓட்டினாலும் ஐந்தரை மணி நேரம் ஆகும். நார்த் கோஸ்ட் 500 என்பது 516 மைல் சுற்று. அதற்கே ஒரு வாரம் போதாது. ஆர்க்னியில் ஐயாயிரம் ஆண்டுப் பழமையான ஸ்காரா பிரே குடியிருப்பு இருக்கிறது. காலையில் படகேறிப் போய் மாலையில் திரும்புவதற்கு உரிய இடம் அல்ல அது.

உங்கள் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். எடின்பரோவில் இரண்டு இரவுகள், ஸ்கை தீவிலோ ஓபன் ஊரிலோ நான்கு இரவுகள், கடைசி இரவு விமான நிலையத்துக்கு அருகே என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரே ஊரில் நான்கு நாள்கள் தங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே மழையும் மேகமும் ஒரு நாளைக் கெடுத்தால் மறுநாள் ஈடுசெய்ய இடம் வேண்டும். நாளுக்கு ஓர் ஊர் என்று போகிறவர்கள் மேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

அவரே மீண்டும்: அப்படியானால் லாக் நெஸ்ஸை விட்டுவிடலாமா? பிள்ளைகள் அந்த ஏரியில் வாழ்வதாகக் கதை சொல்லப்படும் விலங்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள்.

பதில்: தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். இன்வர்னஸிலிருந்து ஸ்கை செல்லும் பேருந்து அந்த ஏரிக்கரை வழியாகத்தான் போகிறது. 37 கிலோமீட்டர் நீளமும் 230 மீட்டர் ஆழமும் கொண்ட நீர்ப்பரப்பு அது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் உள்ள ஏரிகள் அனைத்தின் நீரையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. மலைச்சதுப்பின் கரிய துகள்கள் கலந்திருப்பதால் சில அடிக்குக் கீழே எதுவும் தெரியாது. கதை வளர்ந்ததற்கு அந்த இருட்டு போதுமானது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): எந்த மாதம் வருவது நல்லது? எப்போதும் மழை என்கிறார்களே, உண்மையா?

பதில்: மேற்கும் கிழக்கும் வெவ்வேறு. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கு மலைகளில் மோதிக் கொட்டிவிடுவதால், அங்கே சில இடங்களில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இருக்கும் எடின்பரோவுக்கு 700 மில்லிமீட்டர் அளவே கிடைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவுப் பக்கத்தில் வாழும் உங்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

என் தேர்வு மே மாதம். அடுத்தது செப்டம்பரின் இரண்டாம் பாதி. மே மாதத்தில் மேற்குக் கரையில் மழை ஒப்பீட்டளவில் குறைவு, இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக மிட்ஜ் பூச்சிகள் இன்னும் பெருகியிருக்காது. இந்த மிட்ஜ் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் விளம்பரப் படங்களில் அது இருப்பதில்லை. கொசுவைவிட மிகச் சிறியது. தனியாக வராது, புகைபோலக் கூட்டமாக வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காற்று அசையாத ஈரமான மாலைகளிலும் விடியற்காலையிலும் நீரோடையருகே நின்றால் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டியதுதான். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே அவற்றால் பறக்க முடியாது. ஆகவே கோடையில் கடலோரத்திலோ காற்றடிக்கும் மேட்டிலோ அறை எடுப்பது அறிவுடைமை. தலையில் அணியும் வலை இங்குள்ள கடைகளில் சில பவுண்டுக்குக் கிடைக்கும். வெட்கப்படாமல் வாங்கி அணியுங்கள், ஊர்க்காரர்களும் அணிகிறார்கள்.

ஆகஸ்டில் எடின்பரோவில் கலைவிழாக்கள் நடப்பதால் அறை வாடகை பலமடங்கு உயரும். விழாவுக்காக வருவதானால் ஆறு மாதம் முன்பே முன்பதிவு செய்யுங்கள். இல்லையேல் அந்த மாதம் நகரைத் தவிர்த்துவிடுங்கள். 2026 ஜூலை 24 முதல் எடின்பரோவில் தங்கும் கட்டணத்தின்மீது 5 சதவீதம் பயணியர் வரியும் உண்டு. தொடர்ந்து தங்கினால் முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகி): ஸ்காட்லாந்துக்குத் தனி விசா வேண்டுமா?

பதில்: வேண்டாம். பிரிட்டன் முழுவதற்கும் ஒரே அனுமதிதான். இங்கிலாந்திலிருந்து ரயிலில் எல்லை தாண்டும்போது யாரும் கடவுச்சீட்டு கேட்பதில்லை. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 2025 ஜனவரி முதல் இணையவழிப் பயண அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். இந்தியரும் இலங்கையரும் பிரிட்டனின் பார்வையாளர் விசா எடுக்க வேண்டும். ஷெங்கன் விசா இங்கே செல்லாது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): இந்திய உரிமத்துடன் கார் ஓட்டலாமா? ஒற்றைத்தடச் சாலைகள் அச்சமூட்டுவனவா?

பதில்: பயணியாக வந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்கள் வரை ஓட்டலாம். நம்மைப் போலவே இடப்பக்கம்தான். தானியங்கிக் கியர் வண்டி வேண்டுமென்றால் முன்பே சொல்லிவையுங்கள். கோடையில் கடைசி நேரத்தில் கிடைப்பது அரிது.

ஒற்றைத்தடச் சாலையில் அச்சப்பட ஒன்றுமில்லை, முறை தெரிந்தால். வழியெங்கும் சிறு ஒதுங்கிடங்கள் இருக்கும். எதிரே வண்டி வரும்போது ஒதுங்கிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் நுழைந்து நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே சாலையிலேயே நின்று, எதிரே வருபவர் அதில் நுழைந்து செல்ல வழிவிடுங்கள். வலப்பக்கத்துக்கு ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் வருபவர் வேகமாகப் போக விரும்பினால் ஒதுங்கி அவரை முன்னே விடுங்கள். அவர் வேலைக்குப் போகும் ஊர்க்காரராகவோ மருத்துவச் செவிலியராகவோ இருக்கக்கூடும். ஒதுங்கிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போவதுதான் இங்குள்ளோர் பயணிகளிடம் மன்னிக்காத ஒரே குற்றம். கடந்து செல்லும் ஒவ்வொருவருக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலையாவது உயர்த்தி நன்றி சொல்லுங்கள்.

மது அருந்திவிட்டு ஓட்டுவதில் இங்குள்ள வரம்பு இங்கிலாந்தைவிடக் கடுமையானது. 2014 டிசம்பர் முதல் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம்தான். இங்கிலாந்தில் அது 80. விஸ்கி வடிப்பாலைக்குப் போகும் நாளில் ஓட்டுநர் ஒரு சொட்டும் தொடாமலிருப்பதே நல்லது. பெரும்பாலான வடிப்பாலைகளில் ஓட்டுநரின் பங்கைச் சிறு குப்பியில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி (லண்டன் வாசகி): எனக்குக் கார் ஓட்டத் தெரியாது; தனியாக வருகிறேன். ரயிலிலும் பேருந்திலும் மட்டும் மேற்குக் கரையைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும், ஓட்டுபவரைவிட நீங்களே அதிகம் பார்ப்பீர்கள். கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து மல்லேக் துறைமுகம் வரை செல்லும் வெஸ்ட் ஹைலண்ட் ரயிலில் ஏறுங்கள். ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இடையே சாலையே இல்லாத ரன்னக் சதுப்புவெளியை ரயில் கடக்கும்போது, 408 மீட்டர் உயரத்தில் கொரூர் என்றொரு நிலையம் வரும். பொதுச்சாலை எதுவும் எட்டாத அந்த நிலையத்தில் இறங்கி ஏரிக்கரையில் நடந்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தவர்கள் அந்த நாளை மறப்பதில்லை. ஆனால் அடுத்த ரயில் சில மணி நேரம் கழித்துத்தான் வரும் என்பதால் அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் என நம்ப வேண்டாம்.

ஃபோர்ட் வில்லியமில் ரயில் வந்த வழியே பின்னோக்கிப் புறப்படும். இடப்பக்கம் அமர்ந்திருந்தவர் வலப்பக்கம் ஆகிவிடுவார் என்பதால், அங்கே எழுந்து மறுபக்கம் மாறி, புதிய திசைக்கு இடப்பக்கத்தில் அமருங்கள். 21 வளைவுகள் கொண்ட கிளென்ஃபினன் பாலம் அந்தப் பக்கம்தான் அழகாகத் தெரியும். ஹாரி பாட்டர் திரைப்படங்களால் புகழ்பெற்ற நீராவி ரயிலுக்கு இடம் கிடைக்கவில்லையே எனப் பலர் வருந்துகிறார்கள்; அதே தண்டவாளத்தில், அதே பாலத்தின்மேல், மிகக் குறைந்த கட்டணத்தில் இந்தச் சாதாரண ரயில் போகிறது. மல்லேக்கிலிருந்து படகில் ஸ்கையின் ஆர்மடேலுக்கு அரை மணிக்குச் சற்றுக் கூடுதல். காருடன் வருபவர்தான் படகுக்கு வாரக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டும். நடந்து ஏறுபவருக்குப் பெரும்பாலும் அந்தக் கவலை இல்லை.

தனியாக வருவது குறித்து நீங்கள் அஞ்சத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றே: கடைசிப் பேருந்து. மாலை ஐந்தரைக்கே அது போய்விடும் ஊர்கள் உண்டு.

கேள்வி (டொராண்டோ வாசகர்): ஸ்கையில் கூட்டம் தாங்கவில்லை என்கிறார்கள். நீங்களோ அங்கேயே அனுப்புகிறீர்களே?

பதில்: குறை நியாயமானது. 1995இல் பாலம் திறந்த பின் எளிதாகச் சென்றுசேரக்கூடிய தீவாகிவிட்டது. ஓல்டு மேன் ஆஃப் ஸ்டோர் பாறைக்குக் கீழே காலை பத்து மணிக்குமேல் வண்டி நிறுத்த இடமிருக்காது. ஏழு மணிக்கோ மாலை ஆறு மணிக்கோ போங்கள். கோடையில் இரண்டு வேளையும் பட்டப்பகல்தான். ஏற்கெனவே ஒரு முறை ஸ்கை பார்த்தவர் என்றால் ஹாரிஸ் தீவுக்குப் போகச் சொல்வேன். லஸ்கென்டயர் கடற்கரையின் வெண்மணலும் பச்சை நீரும் வெப்பமண்டலக் கடலோ என மயங்க வைக்கும், காலை நனைக்கும் வரை.

அதற்கு அடுத்துள்ள லூயிஸில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதன் துறைமுகமான ஸ்டோர்னோவேக்கு ஞாயிற்றுக்கிழமைப் படகே 2009இல்தான் தொடங்கியது. சனிக்கிழமையே எரிபொருளும் உணவும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): எழுபது வயது கடந்த அப்பா அம்மாவுடன் வருகிறேன். அவர்களால் அதிகம் நடக்க இயலாது.

பதில்: எடின்பரோவின் பழைய நகர் அவர்களுக்குக் கடினம்: ஏற்றம், கருங்கல் பாவிய தரை, படிகள். கோட்டையை மட்டும், முன்பதிவு செய்த சீட்டுடன், வாடகைக்காரில் போய்ப் பாருங்கள். பிறகு ஓபன் ஊரில் கடலைப் பார்த்த அறை ஒன்றை எடுத்துத் தங்கிவிடுங்கள். அங்கிருந்து மல் தீவுக்கு ஒரு மணிக்கும் குறைவான படகுப் பயணம். அங்கே காத்திருக்கும் பேருந்து தீவின் மறுகோடிக்குக் கொண்டுசெல்லும். இன்னொரு சிறு படகில் பத்து நிமிடத்தில் அயோனா. அயர்லாந்திலிருந்து புனித கொலம்பா 563இல் வந்திறங்கி மடம் அமைத்த தீவு அது. வெளியூர்க் கார்களுக்கு அனுமதி இல்லாததால் அமைதியாக இருக்கும். படகுத்துறையிலிருந்து மடம்வரை மெதுவாக நடந்தாலும் கால்மணி நேரம்தான். மே முதல் ஜூலை இறுதி வரை வந்தால், அருகிலுள்ள ஸ்டாஃபா, லுங்கா தீவுகளுக்குச் செல்லும் படகுகளில் பஃபின் பறவைகளைக் காணலாம். ஆனால் அந்தப் படகுகள் ஆடும், ஏறி இறங்குவதும் சிரமம். அவர்களை அயோனாவில் இருத்திவிட்டு நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

கேள்வி (கிளாஸ்கோவில் படிக்கும் மாணவர்): நண்பர்கள் நால்வர், கையில் பணம் குறைவு. எங்கு வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம் என்பது உண்மையா?

பதில்: ஏறக்குறைய உண்மை. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவருக்கும் தனியார் நிலத்திலும் நடக்கவும் சிறு கூடாரம் அடிக்கவும் உரிமை தருகிறது. பயிர் நிற்கும் வயலிலும் வீடுகளுக்கு அருகிலும் கூடாது. ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு மேல் தங்கக் கூடாது. கிளம்பும்போது புல் மட்டும் மடங்கியிருக்க வேண்டும். இந்த உரிமை கால்நடையாகவும் மிதிவண்டியிலும் வருவோருக்கே. மோட்டார் வண்டியில் படுத்துறங்குவோர் இதைக் காட்டி வாதாட முடியாது. லாக் லோமண்ட் தேசியப் பூங்காவின் சில கரைகளில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அனுமதிச்சீட்டு வேண்டும். உங்களுக்கு ஏற்றது வெஸ்ட் ஹைலண்ட் வே நடைப்பாதை: 154 கிலோமீட்டர், ஏழு நாள்கள், தொடக்கம் உங்கள் நகரின் புறத்திலேயே. ஒவ்வொரு மாலையும் உண்ணி கடித்திருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். லைம் நோய் அதனால்தான் வருகிறது.

கேள்வி (திருச்சி வாசகி): நாங்கள் சைவம். பட்டினி கிடக்க நேருமா?

பதில்: நகரங்களில் நேராது. சிற்றூர்களில் உணவகச் சமையலறை இரவு எட்டு மணிக்கே மூடிவிடும் என்பதால் நேரம்தான் சிக்கல். சமையலறையுடன் கூடிய வீடு எடுங்கள். ஹாகிஸ் என்னும் ஸ்காட்லாந்து இறைச்சி உணவின் சைவ வடிவம், பருப்பு, ஓட்ஸ், தானியம் சேர்த்தது, பரவலாகக் கிடைக்கிறது, காரமாக நன்றாகவே இருக்கும். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சி வடிநீரில் செய்ததா எனக் கேட்டுவிடுங்கள். ரசப்பொடி, ஊறுகாய் கொண்டுவரலாம். நெய், பனீர் போன்ற பால்பொருள்களை இந்தியாவிலிருந்து எடுத்துவரச் சட்டம் இடம் தராது.

கேள்வி (அதே மாணவர்): நடைப்பாதை தொடங்கும் ஊருக்கு ரயிலில் எப்படிச் சீட்டுக் கேட்பது? பெயரை வாசிக்கவே முடியவில்லை.

பதில்: மில்ங்காவி என்று எழுத்துக்கூட்டிப் படிக்காதீர்கள், மல்கை என்று சொன்னால் போதும். அதுபோல, ஏரியைக் குறிக்கும் லாக் என்னும் சொல்லின் இறுதியில் வருவது வல்லின க் அன்று, தொண்டையை உரசி எழும் ஒலி. அஃது, எஃகு என்று பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்த ஆய்தத்தை நினைத்துக்கொண்டு சொன்னால், சீட்டுக் கொடுப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.