வசந்தி ஏன் சொல்லவில்லை?

அன்புள்ள ஐயா,

வணக்கம். தமிழ்த் திரையில் காதல் தோல்வி பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் இயக்குநர் ஸ்ரீதரின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அதைப் படித்த பிறகு என் அம்மாவும் நானும் என் மகளும் சேர்ந்து வீட்டில் அவருடைய ‘கல்யாணப் பரிசு’ பார்த்தோம். அம்மா அந்தப் படத்தைத் தம் இளவயதில் சிங்கப்பூர் நார்த் பிரிட்ஜ் சாலைத் திரையரங்கு ஒன்றில் பார்த்தவர். இப்போதும் கண் கலங்கினார். தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கோ எரிச்சல்தான் வந்தது. “வசந்தி தன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டாள். பாட்டியும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. ஸ்ரீதரின் படங்களில் நல்ல உள்ளம் படைத்தவர்கள் எல்லோரும் தங்கள் காதலை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். விட்டுக்கொடுப்பதை இத்தனை அழகாகக் காட்டியதால், துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதே பெருமை என்று ஒரு தலைமுறைப் பெண்களை அவர் நம்ப வைத்துவிட்டார் என்று தோன்றுகிறது. ஒரே கதையைத்தான் அவர் திரும்பத் திரும்ப எடுத்தாரா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். உங்கள் மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்ரீதரின் துயரக் காதல்கள் எல்லாவற்றுக்குமான வாசல் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

காதலைப் பாடும் நம் அக இலக்கிய மரபில் அறத்தொடு நிற்றல் என்று ஒரு துறை உண்டு. தலைவி தன் காதலைத் தோழிக்கு உணர்த்துவாள். தோழி வளர்ப்புத் தாயான செவிலிக்கும், செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் அதைக் கொண்டு சேர்ப்பார்கள். மறைவில் வளர்ந்த காதல் ஊரறிந்த மணமாக மாறுவதற்கு மரபு வகுத்துத் தந்த வழிகளில் இது ஒன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் உள்ள 261 அடிகளும், தோழி செவிலியிடம் அவ்வாறு எடுத்துரைப்பதாகவே அமைந்தவை. காதலித்த பெண் தானே போய்த் தந்தையின்முன் நிற்க முடியாது என்பதை அறிந்திருந்த அந்தச் சமூகம், அவளுக்காகப் பேசுவதற்கு ஒருத்தியை அருகிலேயே வைத்திருந்தது.

‘கல்யாணப் பரிசு’ வீட்டில் அந்தத் தோழி யார் என்று பாருங்கள். குடும்பத்தின் பாரத்தைச் சுமந்து தங்கையைப் படிக்க வைக்கும் அக்கா கீதாதான் வசந்திக்குத் தோழி, அவளே செவிலி. வசந்தி தன் மனத்தைத் திறப்பதாக இருந்தால் அவளிடம்தான் திறக்க வேண்டும். ஆனால் வசந்தியின் காதலனும் அதே வீட்டில் குடியிருப்பவனுமான பாஸ்கர்மீது கீதாவின் மனமும் போகிறது. தங்கையிடம் அவளே முந்திக்கொண்டு அதைச் சொல்லிவிடுகிறாள். அந்தக் கணத்துக்குப் பிறகு வசந்தி வாய் திறந்தால் அது தன் காதலைத் தெரிவிப்பதாக இருக்காது, தனக்காக இளமையைச் செலவழித்த ஒருத்தியின் கையிலிருந்து அவள் முதன்முதலாக ஆசைப்பட்ட ஒன்றைப் பறிப்பதாகவே இருக்கும். இதுதான் உங்கள் மகளுக்கு என் பதில். வசந்திக்குத் துணிவு இல்லாமல் போகவில்லை, அவள் பேச வேண்டிய இடத்தில் ஏற்கனவே வேறொருத்தி பேசி முடித்துவிட்டாள்.

ஸ்ரீதருக்கு முந்தைய துயரக் காதல்களில் தடை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. அம்பிகாபதிக்கு ஓர் அரசன் தடையாக நின்றான், தேவதாசுக்கு அந்தஸ்து பார்க்கும் தந்தை. எதிரி யார் என்று தெரிந்திருந்ததால் பார்ப்பவர் கோபப்படவும் முடிந்தது. ஸ்ரீதர் அந்த எதிரியை வீட்டை விட்டு வெளியேற்றினார். 1959ல் ‘கல்யாணப் பரிசு’ வழியாக இயக்குநராவதற்கு முன்பே, கதையும் வசனமும் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே, அவருக்கு இந்த நாட்டம் இருந்தது. 1954ல் வெளிவந்த ‘எதிர்பாராதது’ படத்துக்கு அவர் எழுதிய கதையில், தான் காதலித்தவள் தன் தந்தைக்கே மனைவியாகிவிட்டாள் என்பதை ஒரு மகன் அறிய நேர்கிறது. அங்கும் கொடியவர் என்று யாருமில்லை. நல்லவர்கள் நால்வரை ஒரு கூரையின் கீழ் வைத்தாலே துயரம் பிறந்துவிடும் என்பதை அவர் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார். என் பார்வையில் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு இதுதான். ஒளிப்பதிவும் பாட்டும் இதற்கு அடுத்தவைதான்.

‘கல்யாணப் பரிசு’ படத்தின் நகைச்சுவைப் பகுதியை உங்கள் மகள் ரசித்திருப்பாள். வேலையில்லாத தங்கவேலு மன்னார் அண்டு கம்பெனியில் வேலை பார்ப்பதாகவும், தானே எழுத்தாளர் பைரவன் என்றும் மனைவியிடம் அளந்துவிடும் காட்சிகள் தலைமுறை கடந்து நிற்கின்றன. அவற்றைத் தனியே பிரித்து ரசித்துவிட்டுக் கதைக்குத் திரும்புவது நம் வழக்கம். அப்படிப் பிரிக்கக் கூடாது என்பது என் துணிபு. அந்தப் படத்தில் இரண்டு வீடுகள் இருக்கின்றன, இரண்டிலும் உண்மை மறைக்கப்படுகிறது. ஒரு வீட்டில் பொய் வெளிப்பட்டுவிடுகிறது. மனைவி கோபிக்கிறாள், நாம் சிரிக்கிறோம், அந்தக் குடும்பம் பிழைத்துவிடுகிறது. மற்ற வீட்டில் எல்லோரும் கண்ணியமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள், அந்த வீடுதான் அழிகிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’யில், காதலியின் தந்தையை ஏமாற்றக் காதலன் தன் நண்பனையே பணக்காரத் தந்தையாக வேடமிட வைக்கிறான். பொய்க்கு மேல் பொய் அடுக்கப்படும் அந்தப் படத்தில் எல்லாக் காதலும் கைகூடுகிறது. (மலாயாவில் பிறந்த ரவிச்சந்திரனின் முதல் படம் என்பதால் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அதன்மேல் தனி உரிமை உண்டு.) பேசிக்கொண்டே இருப்பவர்கள் அவர் உலகில் தப்பித்துவிடுகிறார்கள்.

காதலை இழந்த பிறகும் வசந்தியும் பாஸ்கரும் தங்களைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி ஏ. எம். ராஜா இசையமைத்த இரட்டைப் பாடலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கன்னியொருத்தி காதலிலே தோல்வியுற்றாள் என்று பாடுவது ஆண் குரல், காளையொருவன் தோல்வியுற்றான் என்று பாடுவது பெண் குரல். யாரோ இருவரைப் பற்றிச் சொல்வதுபோல, ஒருவர் மற்றவரின் துயரத்தைத்தான் பாடுகிறார்கள். தன் துயரத்தைத் தன் வாயால் சொல்ல இருவருக்கும் இயலவில்லை. பாத்திரங்களின் இயல்பை இவ்வளவு நுட்பமாக உணர்ந்து அமைத்த பாடல்கள் நம் திரையில் அதிகமில்லை.

இப்போது உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். விட்டுக்கொடுத்தலை ஸ்ரீதர் போற்றினார் என்கிறீர்கள். வசந்தி பாஸ்கரை அக்காவுக்குக் கொடுக்கிறாள். பாஸ்கர் அதற்கு இணங்குகிறான். கீதாவுக்கு எதுவும் தெரியாது. இந்த விட்டுக்கொடுத்தலால் நன்மை பெற்றவர் யார்? கீதாவுக்குக் கணவன் கிடைத்தான், அவன் மனம் கிடைக்கவில்லை. உண்மையை அறிந்த பிறகு அவள் உயிரோடு நீடிக்கவுமில்லை. கைக்குழந்தையோடு வசந்தியைத் தேடிவரும் பாஸ்கர், அவள் வேறொருவரை மணந்த நாளில் வந்து சேர்ந்து, அந்தக் குழந்தையையே கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். மனிதர்களை மனிதர்களுக்குப் பரிசாகக் கொடுக்கும் பழக்கம் ஒரு பச்சைக் குழந்தைவரை வந்து நிற்கும் கதை இது. இதைப் போற்றுதல் என்று என்னால் படிக்க முடியவில்லை. கொடுப்பவரின் பெருந்தன்மை காட்டப்படுகிறது, உண்மைதான். ஆனால் கொடுக்கப்படுபவரை ஒருவரும் கேட்கவில்லை என்பதும் கூடவே காட்டப்படுகிறது.

அந்தக் கேட்கப்படாதவருக்கு 1962ல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் ஸ்ரீதர் குரல் கொடுத்தார். ஏறத்தாழ முழுவதும் ஒரே மருத்துவமனை அரங்கத்துக்குள் நடக்கும் கதை அது. புற்றுநோய் கண்ட கணவன் வேணுவை அழைத்துக்கொண்டு சீதா வருகிறாள். சிகிச்சை செய்ய வேண்டிய மருத்துவர் அவளுடைய முன்னாள் காதலர். கணவன் அதை அறிந்துகொள்கிறான். தான் இறந்துவிட்டால் அந்த மருத்துவரையே அவள் மணந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறான். வேணுவாக வரும் முத்துராமன் அதை எவ்வளவு கனிவோடு சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். அவன் உத்தமன், அந்தக் காலத்துக் கணவன் எவனும் சொல்லத் துணியாததைச் சொல்கிறான். ஆனால் அதைக் கேட்கும் சீதாவாக வரும் தேவிகாவின் முகத்தில் நன்றி இல்லை. ‘சொன்னது நீதானா’ என்று அவள் பாடத் தொடங்கும்போது அதில் ஒலிப்பது வழக்கு. கண்ணதாசனின் சொல்லும், விசுவநாதன் – ராமமூர்த்தியின் மெட்டும், சுசீலாவின் குரலும், வின்சென்டின் ஒளிப்பதிவும் சேர்ந்து அந்த வழக்கை நடத்துகின்றன. என்னைக் கேட்காமல் என்னை இன்னொருவருக்குக் கொடுக்க உனக்கு எப்படி மனம் வந்தது என்பதுதான் அதன் உட்பொருள். வசந்தி பாஸ்கரைக் கொடுத்தபோது அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, மூன்று ஆண்டுகள் கழித்து, வேறொரு படத்தில், சீதா கேட்கிறாள். இதனால்தான் அவர் ஒரே கதையைத் திரும்ப எடுத்தார் என்று சொல்லத் தயங்குகிறேன். ஒரே முடிச்சை அவர் வேறு வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்துப் பார்த்தார். அதே ஆண்டில் வந்த ‘சுமைதாங்கி’யில் காதலைக் கைவிடும் நாயகன் இறுதியில் துறவை ஏற்று கிறித்துவப் பாதிரியார் ஆகிறான். ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில் முற்பிறவியில் சேர முடியாத காதலர்களுக்கு மறுபிறவியே கொடுத்துப் பார்த்தார், அவர் வழக்கமாகத் தவிர்க்கும் கொடியவன் அங்கே வந்துவிடுவதால் எனக்கு அது சற்று விலகிய படமாகவே தெரிகிறது.

உங்கள் குறைக்கு நான் உடன்படும் இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. முடிச்சு இறுகியதும் ஸ்ரீதர் மூவரில் ஒருவரைச் சாகடித்துவிடுகிறார். கீதா இறக்கிறாள். ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தில் கணவன் பிழைக்கிறான், அறுவை சிகிச்சையை வெற்றியாக முடித்த மருத்துவர் இறந்துவிடுகிறார். ‘நெஞ்சிருக்கும் வரை’யில் சிவாஜி. மூன்று பேரும் உயிரோடிருந்து, நடந்ததை அறிந்தவர்களாக, மறுநாள் காலையில் ஒருவரையொருவர் எப்படி எதிர்கொள்வார்கள் என்பதுதான் எழுதக் கடினமான காட்சி. அதை அவர் பல முறை எழுதாமல் விட்டார்.

‘வெண்ணிற ஆடை’ (1965) இதைவிட வேதனையான எடுத்துக்காட்டு. மணமானதும் கணவனை இழந்து மனம் பேதலித்த இளம்பெண் ஷோபாவை ஒரு மனநல மருத்துவர் குணப்படுத்துகிறார். குணமடைந்தவள் அவரையே விரும்புகிறாள், அவருக்கோ வேறொரு காதலி இருக்கிறாள். அவள் நலத்துக்காகவே என்று சுற்றியிருப்பவர்கள் உண்மையைத் தள்ளிப்போடுகிறார்கள். மறுபடியும் ஒருத்தி கேட்கப்படாமலே மற்றவர்களால் தீர்மானிக்கப்படுகிறாள். ஒரு விதவையின் ஆசையை அந்நாளில் இவ்வளவு வெளிப்படையாகத் திரையில் வைத்ததற்காக ஸ்ரீதரை நான் மதிக்கிறேன். ஆனால் அவள் இறுதியில் வெள்ளைப் புடவையை உடுத்தும்போது, கதை அவளை அங்கே கொண்டுவரவில்லை, பார்வையாளரின் மனநிறைவுக்காக ஸ்ரீதர் கொண்டுவந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்து அப்போதே நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவள் வேறொரு வண்ணத்தில் வெளியே நடந்திருக்கலாம்.

உங்கள் அம்மா ஏன் அழுதார் என்பதற்கு நீங்கள் விளக்கம் கேட்கவில்லை. ஆயினும் ஒன்று சொல்ல நினைக்கிறேன். அந்தத் தலைமுறையில் இங்கிருந்த நம் பெண்கள் பலருடைய திருமணம், ஊருக்குப் போன ஒரு கடிதத்திலும் அங்கிருந்து வந்த ஒரு நிழற்படத்திலும் முடிவானது. ‘கல்யாணப் பரிசு’க்கும் ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்துக்கும் இடைப்பட்ட 1961ல்தான் சிங்கப்பூரில் மாதர் சாசனம் சட்டமாகி, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருதார மணத்தையும் திருமணப் பதிவையும் கட்டாயமாக்கியது. சட்டம் பதிவேட்டில் பெண்ணின் கையொப்பத்தைக் கேட்டது. வீட்டில் அவள் விருப்பத்தை எத்தனை பேர் கேட்டார்கள் என்பது வேறு செய்தி. யாரும் கேட்காமலே கொடுக்கப்பட்டவர்கள், அதேபோல் கொடுக்கப்பட்ட மனிதர்களைத் திரையில் பார்த்தபோது, துன்பத்தைப் பொறுப்பதே பெருமை என்று கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். தங்களுக்கு நேர்ந்ததை முதன்முறையாக வெளியிலிருந்து பார்த்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். ஒருவருக்கும் சொல்லாததை இருட்டில் அழுது தீர்க்க ஒரு திரையரங்கம் இடம் கொடுத்தது. அந்த அழுகையை நான் இணக்கமாகக் கொள்ள மாட்டேன்.

உங்கள் மகள் அடுத்து ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தைப் பார்க்கட்டும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவுக் காட்சியில் சீதா சொல்வது அவளுக்குப் போதுமானதாக இருக்கிறதா, இன்னும் ஏதேனும் சொல்லியிருக்க வேண்டுமா என்று அவளிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். பாட்டியும் உடன் அமர்ந்து பார்த்தால் அவர் கருத்தையும் சேர்த்து எழுதுங்கள். இம்முறை அவரையும் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.