வாசகர் கேள்வி – பதில்: மத்துக் கயிறும் மின்னோட்டமும்

கேள்வி: மின்வெட்டு நேரம் முடிந்த அந்தக் கணமே எங்கள் வீட்டு விளக்குகள் எரிகின்றன. மின் நிலையங்களோ பெரும்பாலும் நம் தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மாகாணத்தில், நிலக்கரிச் சுரங்கங்களின் அருகில் இருக்கின்றன. அங்கிருந்து எலெக்ட்ரான்கள் அத்தனை வேகமாகவா ஓடிவருகின்றன? அவற்றுக்காகத்தான் நாம் மீட்டரில் பணம் போடுகிறோமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: எலெக்ட்ரான்கள் ஓடிவருவதில்லை, அவை முன்பே உங்கள் வீட்டுக் கம்பியில் நிறைந்திருக்கின்றன. செம்பு அணு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் எலெக்ட்ரானைக் கட்டுப்படாமல் திரிய விட்டுவிடுவதால், மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்பி அவற்றால் நிரம்பியே இருக்கிறது. நீர் நிறைந்த தோட்டக் குழாயின் ஒரு முனையில் குழாயைத் திறந்தவுடன் மறுமுனையில் நீர் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கொட்டுவது அப்போதுதான் உள்ளே புகுந்த நீரன்று. விரைந்து சென்றது அழுத்தம் மட்டுமே. மின்கம்பியிலும் அப்படித்தான். மின்னழுத்தம் ஏற்படுத்தும் தள்ளுவிசை ஒளியின் வேகத்தை நெருங்கிப் பரவுகிறது. ஐந்நூறு கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஒரு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்குகூடப் பிடிக்காது. அதிலும் மின்வெட்டின்போது உயரழுத்தப் பெருங்கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கிறது. உங்கள் பகுதிக்குரிய துணை மின் நிலையத்தில் இணைப்பைத் துண்டித்து, பிறகு சேர்க்கிறார்கள், அவ்வளவுதான்.

எலெக்ட்ரான்கள் நகரும் வேகத்தைக் கேட்டால் வியப்பீர்கள். சுவர்ச் செருகிகளுக்கு இழுக்கப்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 10 ஆம்பியர் நேர்மின்னோட்டம் (ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம்) ஓடினால், அவை விநாடிக்கு 0.3 மில்லிமீட்டர் மட்டுமே முன்னேறும். ஒரு மீட்டரைக் கடக்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். நம் வீடுகளுக்கு வருவதோ மாறுமின்னோட்டம். விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது. அதில் எலெக்ட்ரான் முன்னேறுவதே இல்லை. நின்ற இடத்திலேயே, மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு இங்கும் அங்கும் அசைகிறது.

நகராத பொருள் எப்படி வேலை செய்யும் என்று தோன்றலாம். பாட்டிமார் தயிர் கடைவதை நினைத்துப் பாருங்கள். மத்தில் சுற்றிய கயிற்றை வலக்கை இழுக்க இடக்கை விட்டுக்கொடுக்கும்; பிறகு இடக்கை இழுக்கும். மணிக்கணக்கில் கடைந்தாலும் கயிறு எங்கும் போய்விடுவதில்லை. ஆனால் வெண்ணெய் திரள்கிறது, கை அசந்துபோகிறது. கயிறு செலவாகவில்லை, கையின் உழைப்புதான் செலவானது. மீட்டரில் தாங்கள் போடும் பணமும் அந்த உழைப்புக்கே, அதாவது ஆற்றலுக்கே, எலெக்ட்ரான்களுக்கு அன்று. 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் ஆற்றலே ஒரு யூனிட்.

நாட்டில் எல்லா மின்சாரமும் இப்படி அலைந்தே வருவதும் இல்லை. மொசாம்பிக்கின் கஹோரா பாசா அணையிலிருந்து ஜோகன்னஸ்பர்க் அருகே வரை சுமார் 1,400 கிலோமீட்டர் வரும் தடம் நேர்மின்னோட்டத் தடம். அதன் எலெக்ட்ரான்கள் ஒரே திசையில்தான் ஊர்கின்றன.

கேள்வி: கீசரைப் போட்டால் டிபி போர்டில் (வீட்டின் மின் பகிர்வுப் பலகையில்) 'எர்த் லீக்கேஜ்' சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றுவிடுகிறது; கீசருக்கு உரிய பிரேக்கர் மட்டும் விழுவதில்லை. எர்த் லீக்கேஜைக் கழற்றி நேராக இணைத்துவிடலாம் என்கிறார் ஒருவர். செய்யலாமா?
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கருவி உங்களிடம் உண்மையைச் சொல்கிறது.

மின்னோட்டம் ஒரு சுற்று. லைவ் கம்பியில் எவ்வளவு போகிறதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்பியாக வேண்டும். எர்த் லீக்கேஜ் இவ்விரண்டையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. திரும்பி வராத பங்கு வேறு வழியாக நிலத்துக்குப் போகிறது என்பதே அந்த வேறுபாட்டின் பொருள். உங்கள் வீட்டில் பெரும்பாலும் கீசர் எலெமென்டின் (நீரைச் சூடேற்றும் கம்பியின்) உறையில் விரிசல் விட்டு, நீர் வழியாகவும் தொட்டியின் உலோகம் வழியாகவும் கசிகிறது. பிரேக்கர் விழாததும் இயல்பே. 20 ஆம்பியர் பிரேக்கரின் வேலை கம்பி சூடேறாமல் காப்பது. கசியும் சிறு மின்னோட்டம் அதற்குத் தெரியாது. ஆனால் அதே அளவு ஒருவர் மார்பின் ஊடாகச் சில விநாடிகள் பாய்ந்தால் இதயம் நின்றுவிடக்கூடும். எர்த் லீக்கேஜைக் கழற்றிவிட்டால், ஈரக் கையோடு குழாயைத் தொடும் குழந்தைக்கு இருக்கும் காவலை நாமே அகற்றியவர்களாவோம். கீசர் பிரேக்கரை அணைத்துவைத்து, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து எலெமென்டை மாற்றுங்கள்.

கேள்வி: கெட்டிலில் நீர் கொதிக்கிறது, அதே மின்னோட்டம் ஓடும் அதன் ஒயர் ஏன் சுடுவதில்லை?
– பள்ளி மாணவி, டோங்காட்

பதில்: மின்தடை அதிகமுள்ள இடத்தில்தான் அதிக வெப்பம் பிறக்கிறது. 230 வோல்ட்டில் இயங்கும் 2,200 வாட் கெட்டிலின் எலெமென்டுக்கு மின்தடை 24 ஓம். ஒரு மீட்டர் நீளமுள்ள ஒயரின் இரு கம்பிகளுக்கும் சேர்த்து 0.03 ஓம் அளவே. ஆகவே ஒயரில் வெப்பமாவது சுமார் 3 வாட்தான். பிளக் மட்டும் தொட முடியாத அளவு சுட்டால், உள்ளே திருகு தளர்ந்து தொடுப்பு சரியில்லாமல் போயிருக்கலாம். உடனே சுவிட்சை அணைத்து அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லம்மா.